ஜன்னல் வைத்த பசு

ஜனவரி 9, 1982. சனி

பனி. எதிர்வீட்டு மொட்டைமாடிகூடத் தெரியவில்லை. பஸ் வரவேயில்லை. வந்ததில் கால் வைக்க இடமில்லை. ஆசியாட் வருகிறதாம், ஊரையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கரோல் பாகிலிருந்து இன்ஸ்டிட்யூட் போய்ச் சேருவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன.

மரத்த கையைச் சூடாக்க டில்லியில் எனக்கு மட்டும் ஓர் இடம் உண்டு. 311-ஆம் நம்பர் பசுவின் வயிறு. விலாவில் இருக்கும் ரப்பர் மூடியைத் திறந்து முழங்கை வரை உள்ளே விட்டால் சுகமான சூடு. பசு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, தீவனத்தை மென்றுகொண்டே நிற்கும். தொழுவத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹர்பால்தான் ஒவ்வொரு நாளும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மூடியைத் திறக்குமுன் அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் அவர்தான்.

இன்றைய சாம்பிள் நன்றாக இருந்தது. பச்சை, நல்ல வாசனை (என் மூக்குக்கு). மைக்ராஸ்கோப்பில் ஒரே கும்மாளம்.

செய்ய வேண்டியவை:
— கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் தீரப்போகிறது. ஸ்டோர்ஸில் சண்டை.
— பிளாஸ்க் மூடிக்குப் புது ரப்பர்.
— ஆளிவிதை எண்ணெய், இன்னொரு டின்.
— அம்மாவுக்குக் கடிதம். (எத்தனை வாரமாக இதே வரி.)

ஜனவரி 11, திங்கள்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பவர் கட், இரண்டு தடவை. மீத்தேன் அளக்கும் மெஷின் சூடாகுமுன் அணைந்து, சூடாகுமுன் அணைந்து.

கேன்டீனில் மண் பிரிவு ஆசாமிகள் வழக்கம்போலக் கேலி. மாடு பின்பக்கமாக விடுவதைப் பிடித்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவள் நான். அது பின்பக்கமில்லை, ஏப்பம், வாய் வழியாக என்று எத்தனை முறை சொல்வது? தின்பதில் ஒரு பங்கு சதையாகவும் ஆகாமல் பாலாகவும் ஆகாமல் மீத்தேனாகி ஏப்பத்தில் போகிறது. இந்த நாட்டில் மாட்டுக்குக் கிடைப்பதே காய்ந்த கோதுமை வைக்கோல். அதிலும் நஷ்டமா? அதைச் செய்யும் கிருமிகளைக் கொஞ்சம் அடக்கினால் அதே வைக்கோலில் இன்னும் கொஞ்சம் பால். அவ்வளவுதான் என் வேலை. சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

என் கைடு சார் அறைக்குக் கூப்பிட்டார். எண்ணெய் கொடுத்த நாட்களில் மீத்தேன் இறங்குகிறது, கோடு அழகாக இருக்கிறது என்றார். பிப்ரவரி முடிய இப்படியே வந்தால் தீசிஸ் எழுத உட்காரலாமாம். மார்ச்சில் என் ஃபெலோஷிப் முடிகிறது. அதற்குப் பிறகு ஒன்று இங்கே வேலை, இல்லாவிட்டால் பாளையங்கோட்டை. அப்பா பார்த்து வைத்திருக்கும் சிமென்ட் ஏஜென்சிக்காரர்.

விலாவில் மூடி வைத்து ஆபரேஷன் செய்தது இரண்டு பசுக்களுக்கு. ஒன்று மழைக்காலத்தில் சீழ் வைத்துப் போய்விட்டது. மிச்சம் 311 ஒன்றுதான். அதற்குத் தும்மல் வந்தால் எனக்குக் காய்ச்சல் வருகிறது.

ஜனவரி 12, செவ்வாய்

மறுபடி பனி. வீட்டில் புளி இல்லை என்று அக்காவின் புலம்பல்.

ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு முழுக்க மாட்டுப் பொங்கல். ஒவ்வொரு வருஷமும் அக்கா தூக்குவாளியில் பொங்கலை எடுத்துக்கொண்டு கரோல் பாக் சந்துகளில் மாடு தேடி அலைவாள். போன வருஷம் கிடைத்தது பொங்கலை விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பைத் தின்றது. இந்த வருஷம் அத்தானுக்கு யோசனை வந்துவிட்டது. வீட்டுக்குள்ளயே மாட்டு டாக்டர வச்சிக்கிட்டுத் தெருமாட்டுக்கு எதுக்கு அலையணும் என்கிறார். நான் மாட்டு டாக்டர் இல்லை என்பது மத்திய சர்க்கார் செக்ஷன் ஆபீசருக்கு இந்த ஜன்மத்தில் புரியாது.

மீனுவுக்குக் குதூகலம். ஆறு வயது, தமிழும் ஹிந்தியும் கலந்து அடிக்கிறாள். "சித்தி, காய் வயித்துல கிட்கி இருக்கா? சச்?" மாட்டு வயிற்றில் நிஜமாகவே ஜன்னல் இருக்கிறது என்றேன். அதற்கு வலிக்காதா என்றாள். இல்லை என்றேன். இப்போது வலிக்காது.

சாரிடம் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் வீட்டு மாமியும் வருஷாவருஷம் இதே புலம்பலாம். "தாராளமா வரச் சொல்லும்மா. ஒரு வாய் பொங்கல்ல என்ன ஆயிடப் போறது?" அவர் சொன்னது சரி. ஒரு வாயில் ஒன்றும் ஆகாது.

ஜனவரி 14, வியாழன்

பொங்கல். லீவு போட்டேன், ஆனாலும் காலையில் ஓடிப்போய்ச் சாம்பிள் எடுத்துவிட்டு வந்தேன். கரும்பு ஊசிபோல் ஒல்லி. வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாள் பொங்கலை "மீட்டா சாவல்", இனிப்புச் சோறு, என்று இரண்டு கிண்ணம் வாங்கிக்கொண்டாள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜனவரி 15, வெள்ளி

நல்ல வெயில்! முதல் முறையாக ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

மத்தியானம் எல்லாரும் வந்து இறங்கினார்கள். அக்கா, அத்தான், மீனு ஃபட்ஃபட்டி ரிக்ஷாவில். சார் வீட்டு மாமி. இன்ஸ்டிட்யூட்டில் இருக்கும் இன்னும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள், அவரவர் வெண்கலப் பானையோடு. 311-க்கு மஞ்சள், குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. இந்த மாட்டின் எடை, சூடு, நாடித் துடிப்பு எல்லாம் தெரியும் எனக்கு. அது அழகாக இருக்கிறது என்று இன்றுதான் தோன்றியது. பொங்கலோ பொங்கல் என்று எல்லாரும் மெதுவாகவே சொன்னோம், ஆபீஸ் நேரம் என்பதால்.

ஆளுக்கு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எல்லாரும் ஒழுங்காகக் கேட்டார்கள். அக்கா ஊட்டும்போது கண் கலங்கிவிட்டாள். பத்து வருஷ டில்லியில் இப்போதுதான் பண்டிகை பண்டிகை மாதிரி இருக்கிறதாம்.

பிறகு மூடியைத் திறந்து காட்டினேன். மீனு எட்டிப் பார்த்துவிட்டு "சீ" என்று சொல்லி, மறுபடி எட்டிப் பார்த்தாள். எல்லாரையும் லேபுக்குக் கூட்டிப் போய் மைக்ராஸ்கோப்பில் கிருமிகளைக் காட்டினேன். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதெல்லாம் பார்த்தால் தலை சுத்தும் என்று அக்கா தொழுவத்திலேயே இருந்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது பானைகளைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். எல்லார் பானையையும். மாமி மெச்சிக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்.

அந்த ஃபட்ஃபட்டிக்காரன் கேட்ட ரேட் கொள்ளை.

ஜனவரி 16, சனி

எழுத முடியாது இன்று. கை நாற்றம் போகவில்லை. சோப்பு, எலுமிச்சம்பழம், டெட்டால். போகவில்லை.

ஜனவரி 17, ஞாயிறு

311 காலையில் செத்துப்போனது.

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

நேற்றுக் காலை ஹர்பால் கேட்டிலேயே நின்றார். பசு தின்னவில்லை, அசை போடவில்லை, பல்லை நறநறவென்று கடிக்கிறது. போய் மூடியைத் திறந்தேன். பச்சை இல்லை. சாம்பல் நிறத்தில் தளதளவென்று தண்ணீர், அதில் சோறு. உள்ளே முழுக்கச் சோறு. அடுப்படியில் மறந்துபோன இட்லி மாவின் நாற்றம். பரிசோதனைக் காகிதத்தை நனைத்தேன், வைக்கோலுக்குப் பழகிய வயிற்றில் சோறு அமிலமாகி, புளிப்பு எல்லை தாண்டிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை மாமி பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவை எல்லாம் பிணம்.

ஹர்பாலைக் கேட்டேன். நாங்கள் லேபுக்குப் போன பிறகு தீதி (அக்காவைத்தான் சொல்கிறார்) பானைகளில் மிச்சமிருந்ததை எல்லாம் தொட்டியில் கொட்டினாராம், பசு நக்கி நக்கித் தின்றதாம். பிரசாதம், மேடத்தின் சொந்த அக்கா, தான் என்ன சொல்ல முடியும் என்றார். ஒன்றும் சொல்ல முடியாதுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். புஸ்தகத்தில் இருக்கிறது, நானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வயிற்றை உடனே காலி செய்ய வேண்டும். ஆப்ப சோடா கரைத்து ஊற்ற வேண்டும். நல்ல மாட்டின் வயிற்றுச் சாற்றைக் கொண்டுவந்து விட வேண்டும். மற்ற மாடாக இருந்தால் வயிற்றைக் கிழித்தாக வேண்டும். இதற்குக் கதவே இருக்கிறது. கையை விட்டு அள்ளினால் போதும்.

வெட்டர்னரி டாக்டர் மீரட்டில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாருக்குப் போன் செய்தேன். மஃப்ளரோடு ஸ்கூட்டரில் வந்தார். காகிதத்தைப் பார்த்தார், மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார், மஃப்ளரைக் கழற்றி மடித்தார். வருத்தம் என்று நினைத்தேன். இல்லை.

"இத யாராவது வேணும்னு செய்ய முடியுமா சொல்லு? எந்தக் கமிட்டியும் ஒத்துக்காது. தானா வந்திருக்கு. மீத்தேன் எப்படி விழறதுன்னு மணிக்கு ஒரு சாம்பிள் எடுத்துடும்மா. சாயங்காலம் காலி பண்ணிக்கலாம்."

சார், மாடு என்றேன். சாயங்காலம் வரை தாங்கும் என்றார். நான் அதை நம்பினேனா? நம்பினால் வசதியாக இருந்தது. அதைத்தான் எழுத முடியும்.

எடுத்தேன். மூடியின் துளை வழியாக சிரிஞ்சில் காற்று, பிளாஸ்கில் சாறு, லேபுக்கு ஓட்டம், மெஷின், மறுபடி தொழுவம். ஆச்சரியம், பவர் கட்டே இல்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் அது என்னைப் பார்த்தது. கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் நின்றுகொண்டிருந்தது. அடுத்த தடவை கால் மடக்கிப் படுத்துவிட்டது. ஹர்பால் சாக்கைப் போர்த்திவிட்டு, மேடம் ஏதாவது மருந்து, என்றார். சாயங்காலம் என்றேன். சாரின் வார்த்தை, என் வாயில்.

இரண்டு வருஷமாக எண்ணெய் ஊற்றி ஊற்றி அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கப் பார்த்தேன். நேற்றுப் பகலில் அது தரைக்கு வந்துவிட்டது. மீத்தேன் இல்லை. சுத்தமாக இல்லை. கிராஃப் தாளில் கடைசிப் புள்ளியை வைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான். ஆனால் இருந்தது.

வெளிச்சம் போகுமுன் ஹர்பாலும் நானும் அள்ளினோம். வாளி வாளியாக. ஜில்லென்று இருந்தது உள்ளே. பக்கத்துத் தொழுவத்து எருமையிடமிருந்து சாறு எடுத்து ஊற்றினோம், சோடா ஊற்றினோம். எல்லாம் புஸ்தகத்தில் இருப்பதுபோல, ஒரு பகல் தாமதமாக. அது எழுந்திருக்கவில்லை. அத்தான் வந்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

இன்று காலை நான் போன கொஞ்ச நேரத்தில், தலையை என் செருப்பின்மேல் வைத்துவிட்டது. ஹர்பால் மாலையைக் கழற்றினார். சாமந்தி இன்னும் வாடியிருக்கவில்லை, குளிர் அப்படி.

வீட்டுக்கு வந்தேன். அக்கா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்து, "என்னட்டி ஆச்சு?" என்றாள்.

"மாடு செத்துட்டு. நீ கொட்டுன பொங்கல்தான் கொன்னுட்டு."

இப்படியே சொன்னேன். மீனு அங்கேயே இருந்தாள். அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "மாட்டுக்குப் படச்சத வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாரக் கூடாதுல்லா. அதான் போட்டேன்" என்றாள்.

ஆமாம், கொண்டுவரக் கூடாது. எனக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். ஒரு கைப்பிடி என்று சொன்னவள், மிச்சம் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. சம்பிரதாயமும் மாட்டு வயிறும் சேர்ந்து தெரிந்த ஆட்கள் அங்கே சாரும் நானும் மட்டும்தான்.

நான் சொன்னது பொய்யில்லை. முழுசுமில்லை. கோபத்தில் வந்தது என்று எழுதப் பார்த்தேன். கோபம் இல்லை. பழியை அங்கே வைத்துவிட்டால் என் கை கொஞ்சம் லேசாகும் என்று தோன்றியது. ஆகவில்லை.

ஜனவரி 18, திங்கள்

தூறல். காண்டிராக்டர் லாரி வந்து 311-ஐ எடுத்துப் போனது. கயிறு கட்டி இழுத்தார்கள். அந்த ரப்பர் வளையத்தை முதலில் கழற்றி எடுத்துக்கொள்ளும்படி ஸ்டோர்ஸிலிருந்து ஆள் வந்து சொன்னான், வெளிநாட்டுச் சாமானாம். கழற்றிக் கழுவிக் கொடுத்தேன்.

காகிதத்தில் சாவுக்குக் காரணம்: தீவனக் கோளாறு. சாரின் கையெழுத்து. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். பேப்பர் எழுதச் சொல்கிறார், என் பெயர் முதலில் இருக்கும். இதைக் காட்டி ஃபெலோஷிப்பை ஒரு வருஷம் நீட்டிக்கக் கேட்பாராம், கிடைத்துவிடும், புதுப் பசுவுக்கும் ஆபரேஷன். "வருத்தப்படாதேம்மா. மாடு போனாலும் வேலை வீணாகல." அவர் கெட்டவர் இல்லை. என் டீயில் அவரே சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. டீயையும், மற்றதையும்.

ஆக, பாளையங்கோட்டை இல்லை.

ஜனவரி 20, புதன்

வெயில், காற்று. துணி காய்ந்தது.

அக்கா சோறு சாப்பிடுவதில்லை. எங்களுக்கு வடித்துப் போடுகிறாள், தனக்கு ரொட்டி. ரொட்டியும் பாதியில் எழுந்துவிடுகிறாள். அந்த வெண்கலப் பானையைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். சாமி படத்துக்கு விளக்கு ஏற்றுவது அத்தான்தான். மீனு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது, மம்மி நே காய் கோ மார் தியா, அம்மா மாட்டைக் கொன்றுவிட்டாளாம். அக்காவுக்கும் கேட்டிருக்கும். மீனுவைத் திட்டவில்லை.

அத்தான் பால்கனியில் வந்து நின்றார். நேரடியாக எதுவும் கேட்கிறவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லிருங்களேன், மாடு முன்னாடியே சீக்கா இருந்துன்னு. ஒங்க வாயால சொன்னா நம்புவா" என்றார். கொழுந்தியாளை நீங்க வாங்க என்று பேசும் மனிதர். யோசிக்கிறேன் என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? முழுசையும் சொன்னால் போதும். காலையில் அள்ளியிருந்தால் பிழைத்திருக்கலாம் அக்கா. நிச்சயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பிழைத்திருக்கலாம். நான் அள்ளவில்லை, புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் அவள் சோறு சாப்பிடுவாள். அப்புறம் என்னை எப்படிப் பார்ப்பாள்? அந்த இடத்தில் யோசனை நின்றுவிடுகிறது.

பேப்பர்: முன்னுரை முடிந்தது. படம் இரண்டு வரைய வேண்டும். டைப்பிஸ்ட்டிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 22, வெள்ளி

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். அக்காவுக்குத் தலைவலி, படுத்துவிட்டாள். நிம்மதியாக இருந்தது எனக்கு. வெட்கமாகவும்.

லேபில் வேலை இல்லை. தொழுவத்துப் பக்கம் போகவில்லை. ஹர்பால் வழியில் பார்த்து நமஸ்தே சொன்னார், வழக்கம்போல. வழக்கம்போலச் சொன்னதுதான் கஷ்டம்.

ஜனவரி 23, சனி

பனி இல்லை. வீட்டிலேயே இருந்தேன். அத்தான் மீனுவைக் கூட்டிக்கொண்டு பரேடு ஒத்திகை பார்க்கப் போயிருந்தார்.

மொட்டைமாடியில் வெயிலில் உட்கார்ந்து அக்காவும் நானும் பட்டாணி உரித்தோம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ரொம்ப நேரம் கஷ்டப்பட்டுதாட்டி?"

மணிவாரியாகத் தெரியும் எனக்கு. டைப்பிஸ்ட் மேஜையில் அட்டவணையாக இருக்கிறது.

"இல்லக்கா. சீக்கிரம் போயிட்டு."

அவள் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக.

"நீ பக்கத்துலயே இருந்தியா?"

"இருந்தேன்."

"அன்னிக்குப் பூராவுமா?"

"பூராவும். மணிக்கு ஒரு தடவ போய்ப் பாத்தேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது போதும். அந்த வாயில்லா சீவனுக்கு நீயாவது தொணையா இருந்தியே. நான் அதத்தான் நெனச்சு நெனச்சு…" என்று நிறுத்திவிட்டாள். என் தலையைத் தடவினாள்.

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள். மத்தியானம் சோறு போட்டுக்கொண்டாள். எனக்கும் போட்டாள்.